வியாழனில் குறைந்துபோன நியான்



‘வாயுக்கோள்களின் இயைபும் வளிமண்டலமும்’ என்று இந்தப் பொழிவின் அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். ஒரு பருவம் முழுக்க நடத்த வேண்டிய பாடம் அது. எனக்குக் கொடுத்திருப்பதோ ஒரு மணி நேரம். ஆகவே ஒரே ஓர் எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். சூரியனில் ஹைட்ரஜனோடு ஒப்பிட எவ்வளவு நியான் இருக்கிறதோ, அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் வியாழனின் காற்றில் இருக்கிறது. மீதி ஒன்பது பங்கு எங்கே போயிற்று? இந்தக் கேள்வியின் பின்னாலேயே நடந்தால் வியாழனின் மேகங்களில் தொடங்கி, அதன் வயிற்றுக்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இறங்கிவிடலாம். வழியில் சனியையும் பார்க்கலாம்.

முதலில் வெளியே நின்று பார்த்தவர்களுக்கு என்ன தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வியாழனின் நிறமாலையைப் படமெடுத்து வைத்திருந்தார். சிவப்புப் பகுதியில் பட்டை பட்டையாக ஒளி உறிஞ்சப்பட்டிருந்தது. எந்தப் பொருள் உறிஞ்சுகிறது என்று வெகுகாலம் யாருக்கும் பிடிபடவில்லை. 1932-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ரூபர்ட் வில்ட் அவை மீத்தேனும் அம்மோனியாவும் என்று அடையாளம் கண்டார். சாக்கடை வாயுவும் உரத்தொழிற்சாலை நெடியும் என்று அன்றைய செய்தித்தாள்கள் எழுதினவோ என்னவோ, பொதுமக்கள் மனத்தில் வியாழன் ஒரு நச்சுக் கோளாகப் பதிந்துவிட்டது. உண்மையில் மீத்தேன் அங்கே ஆயிரத்தில் இரண்டு பங்கு. அம்மோனியா அதைவிடவும் குறைவு.

பெரும்பங்கு என்ன என்பதை நிறமாலை சொல்லவில்லை; தராசு சொன்னது. வியாழனின் நிறை பூமியைப்போல 318 மடங்கு. அதன் துணைக்கோள்கள் சுற்றும் வேகத்திலிருந்து இதைக் கணக்கிடலாம். பருமனோ பூமியைப்போல 1,300 மடங்குக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.33 கிராம், நீரைவிடச் சற்றே அதிகம். சனிக்கு 0.69, நீரைவிடவும் குறைவு. இவ்வளவு பெரிய நிறை தன் எடையாலேயே தன்னை நசுக்கிக்கொள்ளும். அப்படி நசுங்கிய பிறகும் இவ்வளவு இலேசாக இருக்க வேண்டுமானால், அது ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் தவிர வேறு எதனாலும் முடியாது. ஆனால் குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு ஒளியை மிகச் சொற்பமாகவே உறிஞ்சும். வியாழனின் நிறமாலையில் அதன் மெல்லிய கோடுகளைக் கண்டது 1960-இல்தான். ஹீலியம் அதைவிட மோசம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு சுவடும் காட்டாது. 1973 டிசம்பரில் பயனியர் 10 வியாழனைக் கடந்தபோது அதன் புற ஊதாக் கருவிதான் ஹீலியம் அங்கே இருப்பதை உறுதிசெய்தது.

இந்த ஹீலியத்தோடு நம் பக்கத்துக்கு ஓர் உறவு உண்டு. 1868 ஆகஸ்டு 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் பாக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சூரியனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளின் நிறமாலையில் பளிச்சென்ற கோடுகள் தெரிந்தன. அவற்றுள் மஞ்சள் கோடு ஒன்று, சோடியத்தின் இடத்துக்கு அருகில், ஆனால் சரியாக அதே இடத்தில் இல்லாமல் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் கிரகணம் இல்லாமலே அந்தக் கோட்டைக் கண்டு, இது புதிய தனிமம் என்றார். வேதியியலாளர்களில் பலர் நம்பவில்லை. 1895-இல் வில்லியம் ராம்சே லண்டனில் ஒரு யுரேனியக் கனிமத்தைக் காய்ச்சி அதே மஞ்சள் கோட்டைத் தன் மேசைமேல் வரவழைத்தார். மூன்று ஆண்டு கழித்து அதே ராம்சேயும் அவருடைய உதவியாளர் மோரிஸ் டிராவர்ஸும் நீர்மக் காற்றைப் பகுத்து நியானைப் பிரித்தெடுத்தார்கள். அந்த டிராவர்ஸ்தான் பின்னால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இயக்குநராக வந்தவர். அவர் கண்டுபிடித்த வாயு வியாழனில் குறைகிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

தெரியவந்தது 1995 டிசம்பர் 7 அன்று. நம் கடிகாரத்தில் டிசம்பர் 8 அதிகாலை. அன்று மனிதர் செய்த கருவி ஒன்று முதன்முறையாக ஒரு வாயுக்கோளின் காற்றுக்குள் விழுந்தது. அளப்பதற்கென்றே அனுப்பிய இறங்குகலம் இன்றுவரை வேறொன்று எந்த வாயுக்கோளிலும் இறங்கவில்லை. இந்தப் பொழிவின் நடுப்பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கலிலியோ விண்கலம் 1989-இல் புறப்பட்டது. வழியில் அதன் பெரிய குடை ஆன்டெனா சரியாக விரியவில்லை. மிச்சம் இருந்த சின்ன ஆன்டெனாவை வைத்தே முழுப் பணியையும் ஒப்பேற்ற வேண்டியதாயிற்று. 1995 ஜூலை 13 அன்று தாய்க்கலம் தன் வயிற்றிலிருந்து 339 கிலோ எடையுள்ள ஓர் இறங்குகலத்தைக் கழற்றிவிட்டது. அந்தக் கலத்தில் எஞ்சின் கிடையாது. திசைதிருப்பும் வழியும் கிடையாது. ஐந்து மாதம் ஒரு கல்லைப்போலத் தனியே போய், நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் வியாழனின் காற்றில் மோதியது. முன்னால் இருந்த வாயு 15,000 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அதாவது சூரியனின் மேற்பரப்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல். வெப்பக் கவசத்தின் எடை 152 கிலோ. அதில் ஏறத்தாழ 80 கிலோ இரண்டே நிமிடங்களுக்குள் ஆவியாகிப் பறந்துவிட்டது. வேகம் குறைந்தபோது உள்ளிருந்த கருவிகள் ஒவ்வொன்றும் தன் எடையைப்போல 228 மடங்கு எடையைத் தாங்கின.

பிறகு பாராசூட். அது திட்டமிட்டதைவிட 53 நொடி தாமதமாகத் திறந்தது. விசையறியும் கருவிகளின் கம்பி இணைப்பில் நேர்ந்த பிழை காரணமாக இருக்கலாம் என்று பின்னால் ஆய்ந்தவர்கள் எழுதினார்கள். அந்த 53 நொடியில் மேல் மேகத்தின் ஒரு பகுதி அளக்கப்படாமலே கடந்துபோயிற்று. கவசம் கழன்று விழுந்ததும் கருவிகள் வியாழனின் காற்றை நேராகத் தொட்டன. இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் பறந்துகொண்டிருந்த தாய்க்கலம் ரேடியோவில் கேட்டதையெல்லாம் பதிவுசெய்தது. கீழே போகப் போக அழுத்தமும் வெப்பமும் ஏறின. பூமியின் காற்றழுத்தத்தைப்போல 22 மடங்கு அழுத்தமும் 150 டிகிரி வெப்பமும் இருந்த இடத்தில், 57 நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆனபோது, குரல் நின்றது. அதற்குப் பிறகும் கலம் விழுந்துகொண்டுதான் இருந்தது. தரை என்று ஒன்று இல்லாததால் மோதி உடைய வாய்ப்பில்லை. முதலில் பாராசூட்டும் பிறகு அலுமினியமும் இறுதியில் டைட்டேனியமும் உருகி ஆவியாகி, கலமே வியாழனின் காற்றில் ஒரு பகுதியாகிவிட்டது.

இரண்டு கருவிகளை மட்டும் தனியே சொல்ல வேண்டும். ஒன்று, நாசாவின் ஹாஸோ நீமன் குழு செய்த நிறை நிறமாலைமானி. உள்ளே வரும் ஒவ்வொரு மூலக்கூறையும் எடைவாரியாகப் பிரித்து எண்ணுவது. இன்னொன்று, ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் உல்ஃப் ஃபான் ஸான் குழு உருவாக்கியது. ஹீலியத்தை அளப்பது ஒன்றே அதற்கு வேலை. அதன் தத்துவத்தை நம் இளங்கலை ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம். ஒளிக்கற்றை ஒன்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வியாழனின் காற்று நிரம்பிய குழாய் வழியாகவும் மற்றொன்றைத் தெரிந்த வாயு நிரம்பிய குழாய் வழியாகவும் விட்டு மறுபடி சேர்த்தால் குறுக்கீட்டு வரிகள் தோன்றும். ஒளியை வளைக்கும் திறன் ஹைட்ரஜனில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குதான் ஹீலியத்தில். எனவே வரிகள் எவ்வளவு நகர்கின்றன என்று எண்ணினால் ஹீலியத்தின் பங்கு கிடைத்துவிடும். விடை: நூறு ஹைட்ரஜன் மூலக்கூறுகளுக்குச் சுமார் 16 ஹீலிய அணுக்கள். எடைக் கணக்கில் 24 விழுக்காட்டுக்கு அருகில். இத்தனை கூச்சல் குழப்பத்துக்கு நடுவே இவ்வளவு துல்லியமாக ஓர் எண்ணைக் கொண்டுவந்த இந்தச் சின்னஞ்சிறு கருவியை, பாடநூல்கள் இன்னும் ஒரு வரிகூடப் பாராட்டவில்லை என்பது என் குறை.

இனி ஏமாற்றங்களுக்கு வருவோம். வியாழனில் மூன்று அடுக்கு மேகம் இருக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னது. மேலே அம்மோனியா பனிக்கட்டி, நடுவே அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்த உப்பு, கீழே புவிக் காற்றழுத்தத்தைப்போல ஐந்து மடங்கு அழுத்தமுள்ள இடத்தில் நல்ல கனத்த நீர்மேகம். இறங்குகலம் கண்டதோ மெல்லிய புகைபோன்ற ஓரிரு படலங்கள்தாம். நீர்மேகம் தென்படவேயில்லை. நீராவியும் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. அண்டத்தில் ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் அடுத்தபடி மிகுந்த தனிமம் ஆக்சிஜன். அது வியாழனில் நீராகத்தான் இருந்தாக வேண்டும். இவ்வளவு பெரிய கோளில் நீர் எப்படி இல்லாமல் போகும்?

பூமியிலிருந்து அகச்சிவப்புத் தொலைநோக்கிகளில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விடையை வைத்திருந்தார்கள். வியாழனின் நடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே சில இடங்களில் மேகம் விலகி, உள்ளிருக்கும் வெப்பம் வெளியே பளிச்சிடும். அங்கெல்லாம் உலர்ந்த காற்று மேலிருந்து கீழே அமிழ்கிறது. கோளின் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட வராத அத்தகைய இடங்களில் ஒன்றின் ஓரத்தில்தான் கலம் போய் விழுந்திருந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானை முழுவதும் ஒரே கொதியில் வெந்திருந்தால்தான் அந்தப் பழமொழி செல்லும். வியாழன் அப்படி வேகவில்லை. உலகத்திலேயே பெரிய பாலைவனத்தில் ஒருவரை இறக்கிவிட்டு, பூமியில் மழை உண்டா என்று கேட்ட கதையாயிற்று என்று பலரும் எழுதினார்கள், தவறில்லை.

காற்றின் வேகம் இன்னொரு வியப்பு. மேகத்தின் மேல்மட்டத்தைவிடக் கீழே வேகம் கூடியது. புவியழுத்தத்தைப்போல ஐந்து மடங்கு அழுத்தத்தில் நொடிக்கு 170 மீட்டர், அதாவது மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். அதற்குக் கீழே கலத்தின் குரல் அடங்கும்வரை அது குறையவேயில்லை. வெயில் எட்டாத ஆழத்திலும் காற்று இப்படி வீசுகிறதென்றால் அந்த ஓட்டம் மேகப் படலத்தோடு முடிகிற சமாச்சாரமாக இருக்க முடியாது. எவ்வளவு ஆழம் என்பது பிறகு தெரிந்தது, வருகிறேன்.

இப்போது நியான். மந்த வாயுக்கள் எதனோடும் சேராதவை. நீர் மேகமாகும், மழையாகும், ஓரிடத்தில் வற்றி இன்னோரிடத்தில் தேங்கும். அம்மோனியாவும் அப்படியே. ஹீலியமும் நியானும் ஆர்கானும் வியாழனின் வெப்பநிலையில் மேகமாவதில்லை. எனவே கலம் பாலைவனத்தில் விழுந்தாலும் சோலையில் விழுந்தாலும் அவற்றின் அளவு மாறாது. நீரைப் பற்றிக் கலம் சொன்னதை நம்ப முடியாது. மந்த வாயுக்களைப் பற்றிச் சொன்னதை முழுக்க நம்பலாம். அது சொன்னது இது: ஆர்கான், கிரிப்டான், செனான் மூன்றும் சூரியனில் உள்ள விகிதத்தைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதல். ஹீலியம் சற்றுக் குறைவு. சூரியக் குடும்பம் பிறந்த மேகத்தில் எடையில் 27 விழுக்காட்டுக்கு மேல் இருந்திருக்க வேண்டியது 24 விழுக்காட்டுக்குப் பக்கமாக இறங்கியிருக்கிறது. நியான் மட்டும் பத்தில் ஒரு பங்கு.

ஒன்றாக நடக்க வேண்டிய வாயுக்களில் மூன்று கூடி, ஒன்று சற்றுக் குறைந்து, ஒன்று அநேகமாகக் காணாமலே போயிருக்கிறது. இந்தக் கணக்கைக் கலம் போய்ச்சேருமுன்பே ஓரளவு போட்டுவைத்தவர் கோளறிவியலாளர் டேவிட் ஸ்டீவன்சன். அவரும் எட்வின் சால்பீட்டரும் 1970-களிலேயே ஒரு கருத்தை வளர்த்திருந்தார்கள். வியாழனின் உள்ளே போகப் போக ஹைட்ரஜன் நசுங்குகிறது. புவிக் காற்றழுத்தத்தைப்போல பத்து லட்சம் மடங்கைத் தாண்டும்போது மூலக்கூறு குலைந்து எலக்ட்ரான்கள் அவிழ்ந்து, ஹைட்ரஜன் உலோகமாகிறது. மின்சாரத்தைக் கடத்துகிறது. விக்னரும் ஹண்டிங்டனும் 1935-இல் இப்படி ஆகும் என்று தாளில் காட்டியிருந்தார்கள். 1996-இல் லிவர்மோர் ஆய்வகத்தில் ஹைட்ரஜனை 14 லட்சம் மடங்கு அழுத்தத்துக்கு அதிரவைத்து, அது உலோகம்போல மின்சாரம் கடத்துவதை அளந்தார்கள். மேலே வாயுவாக இருக்கும் ஹைட்ரஜனில் ஹீலியம் எந்த அளவிலும் கலந்து நிற்கும். உலோக ஹைட்ரஜனில் அப்படி நிற்காது. வெப்பம் போதாவிட்டால் பிரிந்து, துளித்துளியாகத் திரண்டு, கனத்தால் கீழே இறங்கும். மேக உச்சியிலிருந்து 10,000 கிலோமீட்டருக்கும் கீழே, 5,000 டிகிரி வெப்பத்தில், ஹீலியம் மழையாகப் பெய்கிறது.

இந்த மழை கண்ணால் பார்க்கக்கூடியதில்லை. எந்தக் கருவியும் அங்கே போக முடியாது. அதன் அடையாளம் மேலே குறைந்துபோன நியானில் இருக்கிறது. 2010-இல் பெர்க்லியில் ஹியூ வில்சனும் பர்க்ஹார்ட் மிலிட்சரும் அணுக்களின் குவாண்டம் நடத்தையை முதலிலிருந்து கணித்துப் பார்த்தார்கள். அந்த அழுத்தத்தில் நியான் ஹைட்ரஜனை விட்டுவிட்டு ஹீலியத் துளிக்குள் ஓடிப்போய்க் கரைகிறது. ஆர்கான் அப்படிப் போவதில்லை. ஆகவே ஹீலியம் சிறிதளவு இறங்கினாலே நியானில் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போய்விடும். ஆர்கான் மேலே தங்கும். கலம் அளந்தது அச்சாக இதுதான். 2021-இல் வைர அமுக்கிக்குள் வைத்த ஹைட்ரஜன்–ஹீலியக் கலவையை லேசரால் அடித்து, இரண்டும் பிரிவதற்கான அடையாளத்தைப் பரிசோதனையிலும் காட்டினார்கள். பிரியும் வெப்பநிலை எவ்வளவு என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. பிரியுமா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சனிக்கு வருவோம், ஏனென்றால் இந்த மழைக்கு உண்மையான தேவை அங்கேதான். வியாழனும் சனியும் சூரியனிடமிருந்து வாங்கும் வெப்பத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கை வெளியே விடுகின்றன. வியாழனுக்கு இதில் பெரிய மர்மம் இல்லை. பிறந்தபோது சுருங்கிச் சேர்த்த சூடு இன்னும் ஆறவில்லை. சனியின் நிறை அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அது வெறுமனே ஆறிக்கொண்டிருந்தால் இன்றைய நிலைக்கு இரண்டு, இரண்டரை பில்லியன் ஆண்டுகளிலேயே வந்திருக்க வேண்டும். வயதோ நான்கரை பில்லியன். கிழம் இன்னும் இளமைச் சூட்டோடு இருக்கிறது. ஹீலியம் கீழே விழும்போது அதன் நிலையாற்றல் வெப்பமாகிறது என்று எடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிறது. சிறிய கோள் சீக்கிரம் ஆறியதால் மழை அங்கே முன்பே தொடங்கி, பலமாகவும் பெய்திருக்க வேண்டும். சனியின் காந்தப்புலத்துக்கும் இதில் பங்கு உண்டு. பூமியின் காந்த அச்சு அதன் சுழல் அச்சிலிருந்து பத்து டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்கிறது. சனியில் சாய்வு ஒரு டிகிரியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்று சனியைச் சுற்றிய காசினி விண்கலம் அளந்தது. ஹீலியம் இறங்கிய பகுதியில் கலங்காத ஓர் அடுக்கு உண்டாகி, கோணல்மாணல்களை வடிகட்டிவிடுகிறது என்பது ஸ்டீவன்சனின் விளக்கம்.

வியாழனின் நீர்க் கணக்கைத் தீர்க்கவே ஜூனோ விண்கலம் போயிற்று. 2016 ஜூலையில் சேர்ந்தது. ஆறு நுண்ணலை வாங்கிகள் வைத்து, ஒவ்வோர் அலைநீளத்துக்கும் ஒவ்வோர் ஆழம் என்று மேகத்துக்கு அடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்வரை வெப்பத்தைப் படித்தது. 2020-இல் வந்த விடை: நடுக்கோட்டுப் பகுதியில் ஆயிரம் மூலக்கூறுகளுக்கு இரண்டரை நீர் மூலக்கூறுகள். சூரிய விகிதத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. கலம் விழுந்தது பாலைவனம்தான் என்பது உறுதியாயிற்று. கூடவே புதிய தலைவலி ஒன்றும் வந்தது. அம்மோனியா மேகத்துக்கு அடியில் எங்கும் ஒரே அளவில் கலந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நடுக்கோட்டை விட்டு விலகினால் வெகு ஆழம்வரை அது குறைந்தே இருக்கிறது. பெரும்புயல்கள் நீர்ப்பனியை உயரத் தூக்க, அங்கே சுழியத்துக்குக் கீழே 90 டிகிரி உறைகுளிரிலும் அம்மோனியா அந்தப் பனியை இளக்க, இரண்டும் சேர்ந்த சேற்றுக்கட்டிகள் ஆலங்கட்டியாக ஆழத்துக்கு விழுகின்றன என்று டிரிஸ்டன் கியோவும் கூட்டாளிகளும் விளக்கினார்கள். ஆக, வியாழனில் மேலே ஒரு மழை, அடியில் ஒரு மழை. இரண்டும் காற்றிலிருந்து எதையோ திருடிக்கொண்டு போகின்றன.

ஜூனோவின் ஈர்ப்பு அளவீடு இன்னும் இரண்டைச் சொன்னது. நாம் பார்க்கும் பட்டை பட்டையான காற்றோட்டம் சுமார் 3,000 கிலோமீட்டர் ஆழம்வரை போகிறது. சனியில் காசினி இதே முறையில் அளந்தது 9,000 கிலோமீட்டருக்குப் பக்கம். இரண்டாவது, நடுவில் பந்துபோல இறுகிய பாறைக் கரு இல்லை. கனமான தனிமங்கள் கோளின் ஆரத்தில் பாதியை நெருங்கும் அளவுக்குப் பரவிக் கரைந்து கிடக்கின்றன. சனியின் வளையங்களில் எழும் சுருள் அலைகளை வைத்து அதன் உள்ளே படித்தவர்கள் அங்கேயும், ஆரத்தில் 60 விழுக்காடு தூரம்வரை, இதையே கண்டார்கள். நம் பாடநூல்களில் வெங்காயத்தை வெட்டி வைத்ததுபோல நடுவில் கரும்பந்து, அதைச் சுற்றி வண்ண வண்ண வளையம் என்று ஒரு படம் போடுகிறார்களே, அதை அடுத்த பதிப்பில் எடுத்துவிட வேண்டும். ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் சொல்கிறேன்.

நிறம் பற்றிக் கேட்பீர்கள். அம்மோனியா பனி வெள்ளை. பழுப்பும் செம்மஞ்சளும் எந்தப் பொருளால் வருகின்றன என்பது இன்னும் முடிவாகவில்லை. கந்தகம், பாஸ்பரஸ், புற ஊதா ஒளியில் அம்மோனியாவும் அசிட்டிலினும் சேர்ந்து உண்டாகும் சேர்மங்கள் என்று பல பெயர்கள் அடிபடுகின்றன. பெருஞ்சிவப்புப் புள்ளி மேகத்துக்கு அடியில் 300 முதல் 500 கிலோமீட்டர் ஆழம் உள்ளது, ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருகிறது, அவ்வளவோடு விடுகிறேன். படங்களில் அதற்குக் கிடைக்கும் இடம் அதன் தகுதிக்கு மிஞ்சியது.

ஆர்கானைத்தான் விட முடியாது. கூடுதலாக இருக்கும் ஆர்கான் எங்கிருந்து வந்தது? பனிக்கட்டியில் ஆர்கான் சிக்கிக்கொள்ள வேண்டுமானால் சுழியத்துக்குக் கீழே 240 டிகிரி அளவுக்குக் குளிர் வேண்டும். வியாழன் இன்று இருக்கும் இடத்தில் ஆதிமேகம் அவ்வளவு குளிர்ந்திருக்கவில்லை. பனிக்கட்டிகள் வெகு தொலைவிலிருந்து வந்தனவா, வியாழனே தொலைவில் பிறந்து உள்ளே நகர்ந்ததா? இரண்டாவதைச் சொல்பவர்கள் அதன் விதை சூரியனிலிருந்து நெப்டியூன் இருக்கும் தூரத்துக்கு அருகே விழுந்தது என்றுகூட எழுதியிருக்கிறார்கள். கலம் வியாழனில் விழுவதற்கு இரண்டு மாதம் முன்புதான், 1995 அக்டோபரில், மேயரும் குவெலோஸும் 51 பெகாசி என்ற விண்மீனை நான்கே நாளில் ஒருமுறை சுற்றும் வியாழன் போன்ற கோளை அறிவித்திருந்தார்கள். விண்மீனுக்கு அவ்வளவு பக்கத்தில் அப்படிப்பட்ட கோள் பிறந்திருக்க வழியில்லை. இடம்பெயர்ந்துதான் வந்திருக்க வேண்டும். அதைப் பார்த்தபின் வியாழனும் நகர்ந்தது என்பதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். என் தீர்ப்பை இன்று கேட்டால், பனிக்கட்டி நகர்ந்தது என்ற பக்கமே சாய்வேன். கோளை நகர்த்துவதைவிட அது எளிது.

சனியில் இந்த வாயுக்கள் எவ்வளவு என்று கேட்டால்தான் கை விரிக்க வேண்டியிருக்கிறது. 2017 செப்டம்பர் 15 அன்று காசினி சனியின் மேல்காற்றில் பாய்ந்து எரிந்தது. நன்றாகக் கலந்த ஆழத்துக்கு வெகு மேலேயே அதன் கதை முடிந்துவிட்டது. சனியின் ஹீலியத்தை வாயேஜர் விண்கலங்களின் அளவீடுகளிலிருந்து முதலில் கணித்தபோது எடையில் 6 விழுக்காடு என்றார்கள். அதே குழுவினர் 2000-இல் திருத்தி 18 முதல் 25 விழுக்காடு என்றார்கள். இவ்வளவு அகலமான விடையை வைத்துக்கொண்டு மழை எவ்வளவு பெய்தது என்று சொல்ல முடியாது. வியாழனில் இறங்கியதைப்போல ஒரு கலம் சனியிலும் இறங்க வேண்டும். திட்டங்கள் பலமுறை எழுதப்பட்டுள்ளன, ஒன்றும் புறப்படவில்லை. அமெரிக்கக் கோளறிவியலாளர்கள் 2022-இல் தங்கள் பத்தாண்டுத் திட்டத்தில் முதலிடம் கொடுத்தது யுரேனஸுக்கு ஒரு சுற்றுகலமும் இறங்குகலமும் அனுப்புவதற்கு. 

சனியில் கலம் இறங்கும் நாளில் என்ன கிடைக்க வேண்டும் என்பதை மட்டும் இப்போதே எழுதிவைத்துக்கொள்ளலாம். நான் இன்று சொன்னது சரியென்றால் சனியின் காற்றில் நியான் வியாழனில் உள்ளதைவிடவும் குறைவாக இருக்க வேண்டும். சூரியனில் உள்ள அளவே அங்கும் இருந்தால், இந்த ஒரு மணி நேரத்தில் நான் பேசியதில் பாதியைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலிலியோ இறங்குகலம் அளந்த அழுத்தம், வெப்பம், வாயு அளவுகள் அனைத்தும் நாசாவின் கோளியல் தரவுக் காப்பகத்தில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி கிடக்கின்றன. ஜூனோவின் படக்கருவி எடுத்த மூலப் படங்களும் அப்படியே; பார்த்து வியக்கும் படங்களில் பலவற்றைச் செப்பனிட்டவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். முதுகலை இரண்டாம் ஆண்டில் செயல்திட்டத்துக்குத் தலைப்புத் தேடி அலைபவர்கள் அந்த 57 நிமிடத் தரவை எடுத்து, உயரத்துக்கு ஏற்ப வெப்பநிலை எப்படி மாறுகிறது என்று வரைந்து, அது உலர்ந்த காற்றின் சாய்வோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பாருங்கள். கணினியும் பொறுமையும் போதும். வழிகாட்ட உங்கள் துறையிலேயே ஆள் இருக்கிறார்கள்.